பாதி மரத்துப் பால்

சேதுபதி எண்ணெய்க் கிண்ணத்தைச் சரித்துப் பிடித்திருந்தார். நல்லெண்ணெய் செத்துக் கிடந்த அண்ணனின் இடது மணிக்கட்டில் வழிந்து, கைக்கடிகாரத்தைச் சுற்றி ஓடி, கட்டிலுக்குக் கீழே விரித்த பாயில் சொட்டிக்கொண்டிருந்தது. போதாதென்று கட்டை விரலால் அதைக் கடிகாரத்தின் அடியிலும் தேய்த்து ஏற்றினார்.

"சித்தப்பா! ஊத்தாதீங்க!"

அடுப்படியிலிருந்து ஓடிவந்த சந்திரமதி அவர் கையிலிருந்த கிண்ணத்தைப் பறித்தாள். மீதி எண்ணெய் அவள் பாவாடையில் கொட்டியது. ஒப்பாரி சட்டென்று நின்றது. பெண்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"ஏன் தாயி இப்படிக் கத்துறே?" சேதுபதிக்கு முகம் சுருங்கிவிட்டது. "வளையல் கழட்டுற மாரிதான். கை வீங்கிக் கெடக்கு. கொஞ்சம் வழவழன்னு ஆனா நழுவி வந்துரும்."

"அதக் கழட்டக் கூடாது."

"நல்லாருக்கே கதை. இன்னும் சித்த நேரத்துல குளிப்பாட்டணும். இவ்ளோ வெல ஒசந்த கடியாரத்துல தண்ணி பட்டா என்னாத்துக்கு ஆவும்?"

அந்த வேளையிலும் சந்திரமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடலடியில் கட்டிக்கொண்டு இறங்குவதற்கென்றே செய்த கடிகாரத்துக்குக் குளியல் தண்ணீரால் ஆபத்தாம். அப்பா இருந்திருந்தால் தொடையைத் தட்டிச் சிரித்திருப்பார். சிரிப்பு வந்த வாயைத் தாவணித் தலைப்பால் பொத்திக்கொண்டபோது அது அழுகையாக மாறிவிட்டது. பெண்கள் சமாதானமாகி மறுபடி ஒப்பாரியைத் தொடங்கினார்கள்.

தண்ணீருக்கு அவள் பயப்படவில்லை. எண்ணெய்க்குத்தான் பயம்.

அப்பா சுப்பையனுக்கு மலாக்காத் துறைமுகத்தில் முங்குகிற வேலை. கப்பல் விசிறியில் சிக்கிய கயிற்றை அறுப்பார். மிதவைச் சங்கிலிகள் தேய்ந்திருக்கின்றனவா என்று தடவிப் பார்ப்பார். மெர்டேக்காவுக்கு, நாடு சுதந்திரம் அடைவதற்கு, கொஞ்சம் முன்னால், சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரக் கடற்படைக்காரர்கள் விட்டுப்போன காற்றுக் குப்பிகள் துறைமுகத்துக்குக் கிடைத்தன. அதை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினால், உள்ளே போய் எவ்வளவு நேரமாயிற்று என்று தெரிந்தாக வேண்டும். குப்பியிலுள்ள காற்று சொல்லிக்கொண்டு தீர்வதில்லை.

அதற்காகவே சுவிட்சர்லாந்தில் புது விதமான கடிகாரங்கள் செய்தார்கள். பெரிய துரைமார் மட்டுமே வாங்கக்கூடிய விலை. துருப்பிடிக்காத எஃகு உடல். கண்ணாடிக்குப் பதிலாக, அடிபட்டால் சிதறாத பிளாஸ்டிக் மூடி. முங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ள மேலே திருகுகிற வட்டு. அந்த வட்டின் எண்களைச் சிப்பி உரசி அழித்துவிடுகிறதென்று அதன்மேல் பேக்கலைட் பதித்தார்கள். தோல் வார் உப்புத்தண்ணீரில் நாறிப்போகிறதென்று ரப்பர் வார் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் வழி கண்டுபிடித்தாயிற்று. பின்மூடிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்து தண்ணீரைத் தடுக்கிற மெல்லிய ரப்பர் வளையம் மட்டும் இந்த ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் தாங்காமல் இறுகி வெடித்தது.

சிங்கப்பூரில் அந்தக் கடிகாரங்களை விற்கிற ஏஜெண்டு டிக்ரூஸ் மலாக்காவில் பிறந்தவர், போர்த்துகீசியக் குடியிருப்புக்காரர். ரப்பர் விளைகிற நாட்டிலேயே ஒரு வளையம் செய்து பார்த்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தெங்கேராவில் சிலிப்பரும் குழாய் வாஷரும் செய்யும் சீன முதலாளி லிம் தவுக்கேயின் பட்டறைக்கு வந்தார். அங்கேதான் சந்திரமதிக்கு வேலை.

மரத்துப் பாலில் செய்த வளையம் மெத்தென்று இருந்தது, நாளாக நாளாகத் தளர்ந்தது. வெளிநாட்டு ஆலையில் செய்த செயற்கை ரப்பர் எதற்கும் அசையாது, ஆனால் அச்சிலிருந்து எடுக்கும்போதே ஓரம் கீறியது. சந்திரமதி இரண்டையும் உருளையில் போட்டுக் கலந்தாள். எத்தனையோ வளையங்கள் பாழான பிறகு, பாதிக்குப் பாதி கலந்ததில் ஒன்று கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வந்தது. அதைத்தான் இந்தக் கடிகாரத்துக்குள் வைத்தார்கள்.

போட்டுப் பார்க்கக் கை கொடுத்தவர் சுப்பையன். தைப்பூசத்திலிருந்து மாசி மகம்வரை கடலிலும் வீட்டிலும் தூக்கத்திலும் கழற்றக் கூடாது. இடையில் யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதற்குச் சாட்சியாக டிக்ரூஸ் வார்க் கொக்கியில் கம்பி கோத்து ஈய முத்திரை அடித்தார். அதை அவரே வந்து அறுக்க வேண்டும். வேறு யார் அறுத்தாலும் சோதனை செல்லாது.

"இதக் காசு குடுத்து வாங்குற தொரைமாரு குளிக்கிற தொட்டியிலதான் முங்குவாங்க" என்று சுப்பையன் வருகிறவர்களிடமெல்லாம் கையை நீட்டிக் காட்டுவார். "அவங்க தொட்டிக்காக நான் சேத்துல முங்குறேன். வளையம் என் மக செஞ்சது. அதனால நான் கரையில நிக்கிற மாரியே உள்ள நிக்கிறேன்."

மாசி மகத்துக்கு இன்னும் இரண்டு நாள். செங் சன்னாசிமலைக் கோயிலுக்குப் போக அம்மா மாவுவிளக்குக்கு அரிசி ஊறப் போட்டிருந்தாள். நேற்று மாலை சுப்பையன் படகுத்துறையிலிருந்து வந்து, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது, சித்தே படுக்கிறேன் என்றார். எழுந்திருக்கவில்லை.

"அண்ணன் போட்டுக்கிட்ட சாமான், அதத் திருப்பிக் குடுக்கணும்னா குடுத்துருவோம்" என்றார் சேதுபதி, கையிலிருந்த எண்ணெயைத் தன் காலில் தேய்த்துக்கொண்டே. "வாரை வெட்டி எடுத்து வெச்சிருப்போம். வந்து வாங்கிட்டுப் போவட்டும்."

"முத்திரையை அவர்தான் அறுக்கணும் சித்தப்பா. இல்லாட்டி இத்தன நாள் அப்பா கட்டியிருந்தது ஒண்ணுமில்லாமப் போயிரும்."

"என்னத்தப் போவுது? அண்ணனே போயிட்டாரு."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஜாசின் பக்க ரப்பர் தோட்டத்தில் இளவயதிலிருந்து பால்மரம் வெட்டுகிறவர் அவர். அண்ணன் கடலை நம்பிப் பட்டணத்துக்கு வந்தது முதலே அவருக்கு ஒப்பவில்லை. விடிகாலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கியதும் அழுதார். அழுது முடித்ததும் அண்ணியிடம் முதலில் சொன்னது இதுதான்: "காரியம் முடிஞ்சதும் ரெண்டு பேரும் எங்கூட வந்துருங்க அண்ணி. தோட்டத்துக் கெராணிகிட்டச் சொல்லி மதிக்குப் பால் வெட்ட ஒரு நெறை மரம் வாங்கிடுறேன். லயத்து வீட்டுக்கு வாடகை கெடையாது. இங்க எதை நம்பி ஒக்காந்திருப்பீங்க?"

எதை நம்பி என்பது சந்திரமதிக்குத் தெரியும். வளையம் தேறினால் அதற்கென்று தனி வேலை மேடை, நிரந்தர வேலை, இந்தக் காஜா பெராங் தெரு வீட்டுக்கு வாடகை கொடுக்கிற அளவு சம்பளம் என்று தவுக்கே சொல்லியிருந்தார். தேறாவிட்டால் வளைய வேலையே கிடையாது. பட்டறையில் பழையபடி சிலிப்பர் வார் வெட்டுகிற அரைக்கூலிதான். அதை நம்பி அம்மாவை இங்கே வைத்துக்கொள்ள முடியாது.

அவள் வளையத்தில் பாதி மரத்துப் பால். மரத்துப் பாலுக்கு எண்ணெய்தான் எமன். எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும். ஆலைப் பால் எண்ணெய்க்கு அசையாது என்பார்கள். இரண்டும் கலந்தால் எந்தப் பாதி ஜெயிக்கும் என்று யாரும் பார்த்ததில்லை. எண்ணெய் தேய்த்துக்கொண்டு கடலில் யார் முங்கப் போகிறார்கள் என்று, அவளும் பார்க்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாகம்மா வந்தாள். பல தலைமுறையாக இங்கேயே ஊறிய மலாக்காச் செட்டி வீட்டுப் பெண். மலாய்க்காரிகளைப்போல சாரோங்கும் கெபாயாச் சட்டையும் உடுத்து, நெற்றியில் திருநீறு வைத்திருப்பாள். தமிழில் சாமி பெயர்கள் தெரியும், மற்றபடி மலாய்தான். தட்டில் கோப்பி கொண்டுவந்தவள் சந்திரமதியின் பாவாடையைப் பார்த்து, அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "சபார், மதி, சபார்" என்றாள். பொறு என்கிறாள். பிறகு சுப்பையனின் கையருகே குனிந்தவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"ஹிடோப் லாகி!"

கடிகாரம் உயிரோடிருக்கிறதாம். கை அசைந்தால் தானே சாவி ஏறுகிற கடிகாரம் அது. நேற்று மாலைவரை அசைந்த கையின் தெம்பில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

லிம் தவுக்கே பத்து மணி வாக்கில் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் ஊதுபத்திக் கட்டு. சுப்பையன் காலடியில் மூன்று முறை குனிந்து எழுந்தார்.

"ஏஜெண்டு போன் பேசியாச்சு" என்று சந்திரமதியிடம் வந்து நின்றார். "காலையில சிங்கப்பூர்லேருந்து காடி ஓட்டிட்டு வர்றான். வழியில மூவார் ஆத்துல காடி ஏத்துற தோணி ரொம்ப லேட்டு. ஆனா வர்றான். நீ பயம் வேணாம்."

"தவுக்கே, எண்ணெய் பட்டுருச்சு."

"என்னா?"

"நல்லெண்ணெய். நெறைய."

தவுக்கே கட்டிலைப் பார்த்தார். பளபளவென்று மின்னிய மணிக்கட்டைப் பார்த்தார். வாயைத் திறந்தவர், சாவு வீடு என்று நினைவு வந்து மூடிக்கொண்டார். பிறகு, "ஐயோ, மதி" என்று மட்டும் சொன்னார்.

பதினொன்றாயிற்று. டிக்ரூஸ் வரவில்லை. பாடை கட்டுகிறவர்கள் மூங்கிலைப் பிளந்து முடித்துவிட்டார்கள். சேதுபதி வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தார்.

"ஒரு கடியாரத்துக்காவ பொணத்தப் போட்டுவெச்சிருக்கிறது எங்கயாச்சும் உண்டா? ஊரு என்னா பேசும்? அண்ணி, நீங்களாச்சும் சொல்லுங்க."

அஞ்சலை நேற்றிலிருந்து வாயே திறக்கவில்லை. புருஷன் தலைமாட்டில் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை என்று வந்தவர்கள் முணுமுணுத்துக்கூடப் பார்த்தார்கள். இப்போது கொழுந்தனை நிமிர்ந்து பார்த்தாள்.

"குளிப்பாட்டுங்க தம்பி. அதுக்கு நேரம் பாக்க வேணாம். ஆனா தூக்கக் கூடாது."

"எதுவரைக்கும்?"

"அந்த ஆளு வர்றவரைக்கும்." அவள் குரல் கரகரத்தது. "தூங்கறப்பகூட அந்தக் கைய நெஞ்சு மேலதான் வெச்சிருப்பாரு. புள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்காரு. முடிச்சுட்டுப் போவட்டும்."

சேதுபதி அதன் பிறகு நடக்கவில்லை.

எண்ணெய் சீயக்காய் வைக்கிற சடங்கு தொடங்கியது. உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சுப்பையனின் தலையில் எண்ணெய் தொட்டு வைத்தார்கள். தொட்டு வைக்க வேண்டியதுதான் முறை. ஆனால் அவர்மேல் இருந்த பிரியத்தில் யாரும் தொட்டு வைக்கவில்லை, ஊற்றினார்கள். படகுத்துறைக் கூட்டாளிகள் உள்ளங்கை நிறைய ஊற்றினார்கள். எண்ணெய் நெற்றியில் இறங்கி, தோளில் இறங்கி, கை வழியாக நூலாக ஓடியது. ஒரு வாழையிலைக் கிழிசலை எடுத்து அந்த மணிக்கட்டைச் சுற்றிக் கட்டிவிடலாமா என்று சந்திரமதி நினைத்தாள். கேட்டால் யாரும் மறுக்கவும் மாட்டார்கள்.

அவள் முறை வந்தது. கிண்ணத்தின் முன் நின்றாள். விரல் நுனியை மட்டும் நனைத்துக்கொள்ளலாம். அப்பாவின் உச்சியில் முடி உப்புத்தண்ணீரில் வெளுத்து, தேங்காய் நார் நிறத்தில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் தேய்த்துவிடச் சொல்லி அவள் முன்னால் வந்து உட்காருவார். இன்னும் கொஞ்சம் ஊத்து, கஞ்சத்தனம் பண்ணாத என்பார்.

அவள் இரு கையாலும் அள்ளி ஊற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தாள். வழிந்தது வழியட்டும் என்று விட்டாள்.

ஆண்கள் அவரைப் பின்வாசலில் கிடத்தித் தண்ணீர் ஊற்றினார்கள். சேதுபதி அண்ணனின் இடது கையை மட்டும் தூக்கித் தன் தோளுக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். அவர் சட்டை தொப்பலாக நனைந்தது. கடிகாரத்தில் ஒரு சொட்டுப் படவில்லை. காலையில் செய்த தவற்றுக்கு அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

கதவோரம் நின்ற சந்திரமதி ஓர் அடி முன்னால் வந்தாள்.

"விடுங்க சித்தப்பா. கைய கீழ விடுங்க."

"தண்ணி படும் தாயி."

"படட்டும். அப்பா ஒருநாளும் கைய மேல தூக்கிக்கிட்டு முங்கினதில்ல."

சேதுபதி கையை மெதுவாக இறக்கினார். தண்ணீர் பிளாஸ்டிக் மூடியின் மேட்டில் விழுந்து இரண்டாகப் பிரிந்து ஓடியது.

டிக்ரூஸ் வந்து சேர்ந்தபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. வியர்வையில் நனைந்த சட்டையோடு வாசலிலேயே நின்று, கால் சப்பாத்தைக் கழற்றி, தொப்பியை நெஞ்சில் அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். சுப்பையனின் முகத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலிட்டுச் சின்னக் கத்தரியால் கம்பியை அறுத்தார். முத்திரை கழன்றது. வாரை அவிழ்த்ததும் அந்த இடத்தில் மட்டும் வெயில் படாத தோல், சின்னப் பிள்ளையின் தோல்போல வெளுத்துத் தெரிந்தது. அஞ்சலை முந்தானையால் அங்கே ஒட்டியிருந்த எண்ணெயைத் துடைத்தாள். துடைத்த பிறகும் கையை எடுக்கவில்லை.

டிக்ரூஸ் தவுக்கேயிடம் மலாயில் சொன்னார். சிங்கப்பூர் கொண்டுபோய்த் திறந்து பார்த்து எழுதுகிறேன், இந்த வீட்டில் இன்றைக்கு அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

சந்திரமதி அந்நிய ஆணிடம் நிமிர்ந்து பேசி அறியாதவள். சுவரைப் பார்த்துக்கொண்டே மலாயில் சொன்னாள். இன்றைக்கு அதில் எண்ணெய் பட்டிருக்கிறது. ஊற ஊற வளையம் இன்னும் உப்பும். நாளைக்குப் பார்த்தால் எது கடலால் வந்தது எது எண்ணெயால் வந்தது என்று தெரியாது. இங்கேயே திறக்க வேண்டும்.

தவுக்கே நெற்றியில் அடித்துக்கொண்டார். சொல்லாமல் இருந்திருக்கலாமே என்பதுபோல. டிக்ரூஸ் அவளை இப்போதுதான் முதல் முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

பின்கட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்தார்கள். அவர் வெள்ளைக் கைக்குட்டையை விரித்து, கடிகாரத்தைக் கவிழ்த்து வைத்து, வெளிப்பக்க ஈரத்தைச் சுத்தமாக ஒற்றி எடுத்தார். பின்மூடியைத் திறக்கிற சாவியைப் பொருத்தித் திருகினார். வரவில்லை. இன்னொரு முறை அழுத்தித் திருகினார். பின்மூடி முனகிக்கொண்டு கழன்றது.

மடித்த வெள்ளைத் தாளின் முனையை உள்ளே தொட்டு எடுத்தார். தாள் தாளாகவே இருந்தது. ஈரமும் இல்லை, எண்ணெய்க் கறையும் இல்லை. உள்ளே சின்னச் சக்கரங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

"பாகுஸ்" என்றார் தவுக்கே, மூச்சை விட்டுக்கொண்டே. நல்லது.

"இன்னும் இல்ல" என்றாள் சந்திரமதி.

தலையிலிருந்த ஊக்கை உருவி, பள்ளத்தில் படுத்திருந்த வளையத்தை நெம்பி எடுத்தாள். வெளி ஓரத்தில் எண்ணெய் மினுங்கியது. அதுவரை வந்திருக்கிறது. வளையம் உப்பியிருந்தால், ஒரு மயிரிழை உப்பியிருந்தாலும், எடுத்த பள்ளத்தில் திரும்ப உட்காராது. எங்கேயாவது ஓரிடத்தில் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அவள் அதை விரல்களுக்கிடையே உருட்டினாள். பள்ளத்தின் ஒரு முனையில் வைத்து, நகத்தால் சுற்றிலும் அழுத்திக்கொண்டே போனாள். பாதி வட்டம். முக்கால் வட்டம். கடைசி இடத்தில் வளையம் லேசாக எழும்பியது. அவள் கை நின்றது. விரலை எடுத்தாள்.

எழும்பிய இடம் தானாகவே இறங்கி உட்கார்ந்தது.

தெருவாசலிலிருந்து பறைச் சத்தம் கேட்டது. டிக்ரூஸ் குனிந்து நகத்தால் வளையத்தைச் சுற்றித் தடவிப் பார்த்தார். அடுத்து வருகிற கடிகாரங்களுக்கும் இதே கலவைதான், வேறு எதுவும் வேண்டாம் என்று தவுக்கேயிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"பதினாறாம் நாள் காரியம் முடிச்சு வா" என்றார் தவுக்கே சந்திரமதியிடம். "மேடையில வேற யாரும் உக்கார்றது இல்ல. நான் பாத்துக்கிறது."

பின்கட்டு நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சேதுபதி மேசையருகே வந்தார். ஆயுசு முழுக்கப் பால்மரம் வெட்டியவர், இவ்வளவு சின்ன ரப்பரைக் கண்டதில்லை.

"இது எந்த மரத்துப் பால்?"

"பாதி நம்ம தோட்டத்துப் பால்தான் சித்தப்பா. பாதி மரமே இல்ல. ஆலையில செய்யுறது."

"மரமே இல்லியா?" அவர் இன்னும் குனிந்து பார்த்தார். "அப்ப அந்தப் பாதிதான் எண்ணெயத் தாங்குச்சா?"

"அந்தப் பாதி தாங்குச்சு. நம்ம பாதி வளைஞ்சு குடுத்துச்சு."

அவர் தலையை ஆட்டினார். என்ன விளங்கியதோ, தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, அண்ணனைத் தூக்கப் போனார்.

மறுநாள் காலை சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு ஆண்கள் திரும்பினார்கள். கொள்ளி வைத்த சேதுபதியின் தலை மொட்டையாக, வெயிலில் பளபளத்தது. குளித்துவிட்டு வந்தவர் ஓரிடத்தில் உட்காரவில்லை. வீட்டைச் சுற்றி நடந்தார். கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தார். ஜாசின் பஸ் எத்தனை மணிக்கு என்று ஒருவரிடம் விசாரித்தார். தோட்டத்துக்கு வாருங்கள் என்று அண்ணியிடம் மறுபடி சொல்வார் என்று சந்திரமதி எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்லவில்லை.

"தெங்கேரா இங்கேருந்து எவ்ளோ தூரம்?" என்று கேட்டார்.

"ரொம்ப இல்ல சித்தப்பா. நடந்தே போயிருவேன்."

"மழைக்காலத்துல?"

அவள் பதில் சொல்வதற்குள் அவர் வீட்டுப் பின்பக்கம் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்து இரும்பு கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. சந்திரமதி எட்டிப் பார்த்தாள். அப்பாவின் சைக்கிள் கொட்டகையிலிருந்து வெளியே வந்திருந்தது. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸியிடம் மலிவாக வாங்கிய, குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சைக்கிள். அதில் அப்பா கால்களை அகட்டிக்கொண்டு போவதைப் பார்த்துப் படகுத்துறையே கேலி செய்யும்.

சேதுபதி குத்துக்காலிட்டு உட்கார்ந்து இருக்கையின் திருகாணியைத் தளர்த்திக்கொண்டிருந்தார். துருவேறியிருந்தது. பல்லைக் கடித்துத் திருகினார். இளகியதும் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினார். எழுந்து நின்று, அவள் நிற்கிற பக்கம் திரும்பி, அவள் இடுப்பு உயரத்தைக் கண்ணாலேயே ஒரு முறை அளந்தார். பிறகு மறுபடி உட்கார்ந்து, இன்னும் ஒரு விரற்கடை இறக்கினார்.